ஈரச்சாக்கு குழுவும் சுகந்தியின் வலது காதும்

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் காது சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு ஏற்காட்டில். பணிக்காலம் முழுக்கக் காலை பஸ்ஸில் இறங்குவதும் மாலை பஸ்ஸில் ஏறுவதுமாகவே போனது. இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைத்துக்கொள்ளும். அடிவாரம் வந்ததும் பட்டென்று விட்டுவிடும். சேலத்தின் இரைச்சல் அத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே வரும்.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ரேவதி சென்ற மாதம் போன் செய்தாள்.

“அக்கா, செல்போன்ல ஒரு பாட்டு சுத்திட்டு இருக்குதுங்க. பனி, காப்பிப் பூன்னு யாரு வீடியோ போட்டாலும் பின்னாடி அதேதான். ‘ஈரச்சாக்கு’ன்னு நம்ம மலைக்காரங்க பாட்டுக் குழுவாமுங்க. பாடுன பொண்ணு செத்துப்போச்சுன்னு கீழ எழுதறாங்க. உங்களுக்கு அவங்களைத் தெரியுமில்லீங்க? நெசமா?”

நெசமில்லை. மறுநாள் காலை நான் அதைப் பாடிய சுகந்தியின் கடையில்தான் காப்பித்தூள் வாங்கினேன். செய்தியைச் சொன்னதும் தராசைப் பிடித்தபடியே சிரித்தாள்.

“நீங்களே எழுதிப்போடுங்கக்கா. காது சமாச்சாரத்தையும் சேத்தே எழுதுங்க. அதை உட்டுட்டா கதையே இல்லைங்களே.”

நோயாளியின் காரியத்தை வெளியில் பேசக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அவள் வாயால் சொன்ன பிறகே எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நர்சு வேலைக்கு இடம் கிடைக்கவில்லை, இதில் கிடைத்தது, சேர்ந்தேன். தொழிலைக் கற்றது பெரிய டாக்டரிடம். நாங்கள் யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை. எப்போதும் பெரிய டாக்டர்தான். நோயாளி உள்ளே வருவதற்கு முன் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சம் தன் முகத்தில் விழுமாறு உட்கார்ந்துகொள்வார். காது கேளாதவர்கள் வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பார்கள், அவர்களுக்கு அந்த வெளிச்சம் வேண்டும். யாரையும் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார். வார்டு பையன் யாராவது நோயாளியிடம் கத்தினால், “கத்தாதீங்க, கிட்ட போங்க” என்பார். இசைக்கவை என்கிற அதிரும் உலோகக் கவட்டையைத் தட்டி நோயாளியின் தலையில் வைப்பதற்கு முன்னால், ஒவ்வொரு முறையும் தன் நெற்றியில் வைத்து ஒரு கணம் கண்ணை மூடுவார். பார்ப்பவர்களுக்கு ஜெபம் செய்வதுபோல இருக்கும். “நான் கேக்கறது என்னன்னு எனக்கு முதல்ல தெரியணுமில்ல?” என்று ஒருமுறை சொன்னார்.

நான் வேலை பார்த்த இடம் ஓர் அறைக்குள் அறை. சுவர் முழுக்க மெத்தை. கதவைச் சாத்தினால் உங்கள் ரத்தம் ஓடுவது உங்களுக்கே கேட்கும். ஏற்காட்டில் கடும்பனி இறங்கும் காலையில் ஏரிக்கரையில் நின்றால் இருக்குமே, பக்கத்தில் போகிற வண்டிகூட எங்கோ போவதுபோல, அப்படி ஒரு அமைதி. அங்கே உட்கார்ந்து மங்கலான சத்தங்களை மனிதர்களுக்கு அனுப்பி, அவர்கள் விரல் உயர்கிறதா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

சுகந்தி, ஏற்காட்டு மலையில் தலைச்சோலை என்ற ஊர்க்காரி. அப்பா அம்மா மலை விவசாயிகள். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் சில நாட்கள்தான் வீட்டில் இருப்பார். பாட்டெல்லாம் தொடங்கிய அந்த நாளில் அவளுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கனி என்று ஒரு பெண் குழந்தை. ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பி அரவைக் கடையில் வேலை செய்தாள்.

அந்தக் கடையில் ஒரு வேடிக்கை உண்டு. அரவை மெஷின் கடகடவென்று ஓடும்போது யார் என்ன சொன்னாலும் சுகந்தி சட்டென்று புரிந்துகொள்வாள். “அரைக் கிலோங்களா, சிக்கரி போடலாமுங்களா?” என்று பதில் வரும். கரண்ட் போய் மெஷின் நின்றால் அவளுக்குக் காது கேட்காது. “கரண்டு போனா சுகந்திக்கும் கரண்டு போயிரும்” என்று கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

என் அக்கா மகன் ஆல்பர்ட் ஒரு ஓட்டலில் வயர்மேன். மாதா கோவில் பாடற்குழுவில் கிட்டார் வாசித்துப் பழகியவன். அந்த மெஷினின் மோட்டாரைச் சரிசெய்யப் போன இடத்தில், மெஷினின் சுருதியோடு சுருதியாகச் சுகந்தி முனகிக்கொண்டிருப்பதைக் கேட்டிருக்கிறான். சோதித்துப் பார்க்க மோட்டாரை நிறுத்தியபோதும் அவள் நிறுத்தவில்லை. அவ்வளவுதான், பாட்டுக்குழு தொடங்கிவிட்டான். காப்பி மூட்டை ஏற்றும் ஜீப் ஓட்டுகிற அவன் சிநேகிதன் பிரபு தாளம் தட்ட வந்தான். தலைச்சோலையில் புழக்கமில்லாமல் கிடந்த ஒரு காப்பி குடோனை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் திறந்துகொடுத்தார். தகரக் கூரை எதிரொலித்ததால் சுவரெல்லாம் பழைய சாக்குகளைத் தொங்கவிட்டார்கள். மழைக்கால ஈரத்தில் அவை காயவே இல்லை. குழுவுக்குப் பெயர் அப்படித்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆல்பர்ட் என்னை அங்கே கூட்டிப்போனான். வெளியே மழை. உள்ளே ஈரச் சாக்கின் வாசமும் பழைய காப்பிக்கொட்டையின் வாசமும். சுகந்தி ஸ்பீக்கர் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடிப் பாடினாள். நான் அதுவரை அப்படி ஒரு பாட்டைக் கேட்டதில்லை. தூக்கத்தில் யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்வதைப் பக்கத்துக் கட்டிலிலிருந்து கேட்பதுபோல இருந்தது. அந்தக் குரலை மிதிக்கக்கூடாது என்று பிரபு மரப்பெட்டியில் துணி போட்டு விரல் நுனியால் தட்டினான். ஆல்பர்ட் கம்பிகளைத் தொட்டும் தொடாமலும் விட்டான்.

*தூரத்துல நிக்காத, தோளு தொட்டுப் பேசு*
*பனி எறங்கும் நேரத்துல பாதி மூச்சில் பேசு*

இதுதான் இப்போது செல்போன்களில் சுற்றும் பாட்டு. வரிகளும் அவளுடையவை.

“மழை பேஞ்சாத்தான் சித்தி இவளுக்கு நல்லா வருது,” என்றான் ஆல்பர்ட். “மழை விட்டா பாட்டெடுக்கற எடமே தப்பிரும். அப்படி ஒரு மூடு.”

நான் அவளைப் பார்த்தேன். மழை விட்டிருந்தது. பிரபு பின்னாலிருந்து, “டீ குடிக்கறீங்களாக்கா?” என்று கேட்டான். அவள் திரும்பவில்லை.

மெஷின் ஓடும்போது கேட்கிறது, மழையில் கேட்கிறது, அமைதியில் கேட்கவில்லை. அத்தோடு இத்தனை மெல்லிய குரல். எனக்குள் இவையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. அடுத்த வாரமே அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன்.

சோதனை அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, “எவ்வளவு சின்னதாக் கேட்டாலும் விரலைத் தூக்கு கண்ணு” என்றேன். சாதாரணமாகக் கேட்கும் அளவிலிருந்து தொடங்கினேன். விரல் மடியில் கிடந்தது. கூட்டிக்கொண்டே போனேன். பக்கத்து அறையில் பேசுகிற அளவையும் தாண்டிய பிறகுதான் உயர்ந்தது. அடுத்தது எலும்பு வழிச் சோதனை. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பின்மேல் அதிரும் சின்ன வில்லையை வைத்து, மிகமிகக் குறைந்த சத்தத்தை அனுப்பினேன். விரல் உடனே எழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் மலர்ந்தது.

“இதென்னக்கா, மண்டைக்குள்ள மணி அடிக்குது!”

பெரிய டாக்டர் முகத்தில் வெளிச்சம் விழ உட்கார்ந்து, அவளுக்கு முழுதாகச் சொன்னார். காதுக்குள்ளே அங்கவடி என்று அரிசியைவிடச் சின்ன எலும்பு இருக்கிறது. சத்தத்துக்கு அது ஆட வேண்டும். உனக்கு இரண்டு பக்கமும் இறுகிப்போயிருக்கிறது. வெளிச்சத்தம் உள்ளே போகாது. ஆனால் உன் குரல் எலும்பு வழியாகவே போகிறதால் உனக்குப் பலமாகக் கேட்கும். அதனால்தான் மெல்லப் பேசுகிறாய். இரைச்சலில் மற்றவர்கள் சத்தத்தைக் கூட்டிப் பேசுவார்கள், உனக்கு இரைச்சல் தெரியாது, பேச்சு மட்டும் வந்து சேரும். ஆபரேஷன் செய்யலாம். முதலில் ஒரு காது. அபூர்வமாகச் சிலருக்கு உள்ளதும் போய்விடுவது உண்டு. அதையும் யோசித்துக்கொள்.

அவள் நெடுநேரம் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் கத்திப் பாடறேன்னுதானுங்க டாக்டர் நெனச்சிருந்தேன். எல்லாரும் மெதுவாப் பாடறே, நொம்ப நல்லாருக்குதுன்னாங்க. ஏதோ பேச்சுக்குச் சொல்றாங்கன்னு உட்டுட்டேன்.” பிறகு கேட்டாள்: “அப்ப அது என் பாட்டு இல்லீங்களா? சீக்குங்களா?”

பெரிய டாக்டர் இசைக்கவையைக் கையில் உருட்டினார்.

“அது எனக்குத் தெரியாதும்மா. எனக்குக் காதைப் பத்தி மட்டுந்தான் தெரியும்.”

அன்று மாலை ஆல்பர்ட் என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

“சித்தி, பெங்களூர்ல ஒரு எடத்துல பாடக் கூப்பிட்டிருக்காங்க. நாங்க நெட்ல போட்ட பாட்டை நெறைய பேரு கேட்டிருக்காங்க. ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பா.”

“காது அவளோடது சாமி.”

“அந்தக் குரல்?” என்றான். “அது போயிட்டா எங்க குழுவுக்குள்ள இருந்த ஒரே நல்லது போயிருமே சித்தி.”

அவன் சொன்னது பொய்யில்லை. அந்தப் பாட்டை நானும் இழக்க விரும்பவில்லை.

நான் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சுகந்தியே குடோனில் அவர்களிடம் சொன்னாள். நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன்.

“கனி என் காதுக்குள்ள வந்து ஏதோ சொல்றா ஆல்பர்ட்டு. தெனமும் தூங்கறதுக்கு முன்னாடி. கையை வெச்சு மறைச்சுக்கிட்டு, ரகசியமா. மூச்சுக்காத்து சுடுது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் சிரிப்பேன். சரி சாமின்னுவேன். என்ன சொன்னான்னு இதுவரைக்கும் எனக்குத் தெரியாது.”

ஆல்பர்ட் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவைத்தான். “எப்ப ஆபரேஷனு?” என்றான்.

வலது காதுக்குச் செய்தார்கள். இந்த ஆபரேஷனில் நோயாளிக்கு நினைவு இருக்கும். காது மட்டுமே மரத்துப்போகும். செவிப்பறையைத் திரைபோல ஓரம் ஒதுக்கி, இறுகிய எலும்பை எடுத்துவிட்டு, மயிரிழை கனத்தில் ஒரு சின்னக் குச்சியைப் பொருத்துவார்கள். பெரிய டாக்டருக்கு ஒரு வழக்கம். பொருத்தி முடித்ததும் என்னை உள்ளே கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்துவார். அவர் கையை உயர்த்தும்போது நான் தணிந்த குரலில் வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். நோயாளி திருப்பிச் சொல்ல வேண்டும்.

கை உயர்ந்தது.

“மயில்,” என்றேன்.

பச்சைத் துணிக்குக் கீழே அசைவில்லை. பெரிய டாக்டர் குனிந்து எதையோ இம்மியளவு நகர்த்தினார். மறுபடி கை உயர்ந்தது.

“மயில்.”

“மயிலு,” என்றாள் சுகந்தி.

“கிணறு.”

“கெணறு.”

மூன்றாவது வார்த்தையை எடுப்பதற்குள் அவளே பேசினாள். “யாரோ தண்ணிக் கொழாயைச் சரியா மூடாம உட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்க.”

கை கழுவும் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. எங்களில் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. பெரிய டாக்டர் முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

மலைக்காரர்களுக்கு இந்த ஆபரேஷனில் ஒரு கூடுதல் கஷ்டம் உண்டு. புதிதாகப் பொருத்திய காதோடு உயரம் ஏறக்கூடாது. காற்றழுத்தம் மாறினால் குச்சி நகர்ந்துவிடலாம். சேலத்தில் அவள் பெரியம்மா வீட்டில் குழந்தையோடு தங்கினாள். மூக்கைச் சிந்தக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. முதல் சில நாள் எழுந்து நின்றாலே உலகம் சுற்றியது. காதுக்குள் வைத்த பஞ்சை எடுத்த அன்று, தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வராந்தாவில் மேலும் கீழும் நடந்தாள்.

“ஆனா என் கொரலு எங்கியோ போய் நிக்குதுங்கக்கா. முன்னெல்லாம் உள்ளயே இருந்துச்சு. இப்ப எட்டத்துல யாரோ பேசறாங்க.”

டாக்டர் அனுமதித்த பிறகு நானே கூட இருந்து பஸ்ஸில் மேலே கூட்டிவந்தேன். வளைவுக்கு வளைவு எச்சில் விழுங்கச் சொன்னேன். பாதி மலையில் பனி வந்து ஜன்னலை மூடியது. பஸ் முன்விளக்கோடு ஊர்ந்தது. மடியில் இருந்த கனி எழுந்து, கையால் மறைத்துக்கொண்டு, அம்மாவின் வலது காதில் எதையோ சொன்னாள்.

சுகந்தி பொங்கிச் சிரித்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கொஞ்சம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள்.

“கண்டக்டரு மாமா மூக்கு மொளகா பஜ்ஜியாட்ட இருக்குதாமுங்க.”

குடோனில் மறுபடி கூடியபோது, அவள் வாயைத் திறந்ததும் பிரபு திடுக்கிட்டுத் தாளத்தை நிறுத்திவிட்டான். புதிய குரல் பெரிதாக இருந்தது. காட்டில் ஒரு மேட்டிலிருந்து மறு மேட்டுக்குக் கூப்பிடுகிற பெண்களின் குரல். சுருதி சுத்தம்தான். ஆனால் அந்தப் பாட்டுகள் அதைத் தாங்கவில்லை. மெல்லப் பாடப் பார்த்தாள். அடக்கிவைத்த குரலாகத்தான் வந்தது, பழையது வரவில்லை. வாரக்கணக்கில் முயன்றார்கள். பெங்களூர் தேதியும் நெருங்கிவிட்டது.

அப்போது ஆல்பர்ட்தான் யோசித்தான். “காதை அடைச்சுக்கிட்டுப் பாடிப் பாரேன்.”

ஓட்டலில் ஜெனரேட்டர் அறைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் நுரைப் பஞ்சுக் காதடைப்பான் ஒன்றைக் கொடுத்தான். இடது காதுதான் ஏற்கனவே மந்தம். வலது காதில் அதைத் திருகிக்கொண்டு, ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்து, கண்ணை மூடினாள். பழைய குரல் அப்படியே வந்தது. பிரபுவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

பெரிய டாக்டரிடம் கேட்டேன். “காதுக்கு ஒண்ணும் கெடுதல் இல்லை,” என்றார். “மத்ததை அந்தப் பொண்ணுதான் சொல்லணும்.”

காதைப் பார்த்துக்கொள்ள நானும் பெங்களூருக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஒரு கூடம். இளம்பிள்ளைகள் நிறையப் பேர். சுகந்தி அடைப்பானை வைத்துக்கொண்டு பாடினாள். மொழி தெரியாதவர்கள்கூட முன்னால் சாய்ந்து, மூச்சை அடக்கிக் கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் கூடமே எழுந்து கைதட்டியது. அவள் அத்தனை கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். காதிலிருந்து அடைப்பானை அவள் எடுத்தபோது தட்டி முடித்திருந்தார்கள். ஒரு பாட்டுக் கம்பெனிக்காரர் வந்து, இதே குரலில் ஒரு ஆல்பம் முழுக்க வேண்டும் என்றார். ஆல்பர்ட் அவர் கையைப் பிடித்தது பிடித்தபடி நின்றான்.

பிறகு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆல்பம் வரவில்லை. ஈரச்சாக்கு இரண்டு மழைக்காலம் இருந்தது, மூன்றாவதைப் பார்க்கவில்லை. ஆல்பர்ட் சேலத்தில் விழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறான். பிரபு ஜீப்பை விற்று வேன் வாங்கினான். சுகந்திக்கு மறு காதும் சரியானது. கடை இப்போது அவளுடையது. மலைக் கோவில் நோன்புத் திருவிழாக்களில், கல்யாணங்களில் பாடுகிறாள். சண்டை என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். நடந்தது இதுதான்.

பெங்களூரிலிருந்து ஜீப்பில் திரும்பினோம். ஏற்காட்டுப் பெரிய சாலையில் மண் சரிந்திருந்ததால் குப்பனூர் மலைப்பாதை வழியாக ஏறினோம். பாதி மலையில் ஒரு மரம் குறுக்கே விழுந்து, ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி நின்றோம். பனி மெல்ல விலகி விலகி மூடியது. எதிர்ச் சரிவில் காப்பிப்பழம் பறிக்கும் பெண்கள் தெரிவதும் மறைவதுமாக இருந்தார்கள்.

“நான் ஒண்ணு சொல்லட்டா ஆல்பர்ட்டு?” என்றாள் சுகந்தி. “காதை அடைச்சுக்கிட்டுப் பாடும்போது உள்ள நான் மட்டுந்தான் இருக்கறேன். நீயில்லை, பிரபு இல்லை, கேக்கறவங்க யாருமே இல்லை. முன்ன எனக்கு அது தெரியலை. இப்பத் தெரியுது. இனி என்னால முடியாது.”

ஆல்பர்ட் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் ஜீப்பின் பின்கதவில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, “அப்ப எப்படிப் பாடுவே?” என்று கேட்டான். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

அவள் சாலையோரத்துக்குப் போனாள். பள்ளத்தைப் பார்த்து நின்று, அதே பாட்டை எடுத்தாள். மைக் இல்லை, அடைப்பான் இல்லை. முழுக் குரல். பனிக்குள் போய், எதிர்மலையில் பட்டு, ஒரு கணம் தாமதித்துத் திரும்பி வந்தது. அவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். திரும்பி வந்த தன் குரலை வாய் பிளந்து கேட்டாள். பிறகு அடுத்த வரியை எடுத்தாள், அதன்மேல் ஏறிக்கொண்டு. பிரபு ஜீப்பின் பானெட்டில் இரண்டு கையாலும் ஓங்கித் தட்டினான். ஆல்பர்ட் கிட்டாரை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, முதல்முறையாக வெறும் ரசிகனாக உட்கார்ந்து அவள் பாட்டைக் கேட்டான். மரம் அறுத்தவர்களும் ரம்பத்தை நிறுத்தியிருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. பனி மூடிக்கொண்டதால் எதிர்ச் சரிவில் ஒருவரும் தெரியவில்லை. அங்கிருந்து ஒரு பெண்குரல் மட்டும் நீண்டு முழங்கி வந்தது.

“ஏனுங்கோ… யாருங்க அது பாடறது?”

சுகந்தி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். குழுவின் பெயரைச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

“தலைச்சோலை சுகந்திங்கோ!”

சுகந்திங்கோ, என்றது மலை.